தப்ரோபானிஸ்: சொல் விளக்கம்

திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் இரவில் விளக்கடியில் ஒரு பெரிய செம்பழுப்பு அந்து (அந்துப்பூச்சி), சிறகு நான்கிலும் கண்ணாடிபோல் முக்கோணச் சாளரங்களோடு ஒட்டியிருந்தால் உடனே 'அட்லஸ்' என்று எழுதிவிடுகிறோம். அட்லஸ் (அட்டாக்கஸ் அட்லஸ்) இதன் நெருங்கிய உறவான வேறோர் இனம்; இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இருப்பது அட்டாக்கஸ் தப்ரோபானிஸ். நெடுநாள் இதை அட்லஸின் துணையினமாகவே வைத்திருந்தார்கள். குழப்பம் அங்கிருந்து வந்தது.

அட்டாக்கஸ் சாதிப்பெயர் (தமிழ்நாட்டார் பேரினம் என்பர்). இலத்தீன் விவிலியத்தில் அது ஒருவகை வெட்டுக்கிளி! தப்ரோபானிஸ் இனப்பெயர்: 'தப்ரொபானேக்கு உரியது'. கிரேக்கர் இத்தீவை அப்படி அழைத்தனர். மூலம் தாமிரபரணி, பாளியில் தம்பபண்ணி. அசோகன் கல்வெட்டிலும் உண்டு. பறக்கும் பாம்பான கிரிசோபீலியா தப்ரோபானிகாவிலும் இதே வேர்தான்.

தமிழில் 'தாமிரபரணி அந்து' என்று பெயரிட ஆசை வரும். வேண்டாம், வாசிப்பவர் திருநெல்வேலி ஆற்றுக்குப் போய்விடுவார். 'இலங்கைப் பெரும்பட்டு அந்து' போதும்.

எழுதும் முறை: அட்டாக்கஸ் தப்ரோபானிஸ் மூர், 1882. பெயருக்குப் பின் வருவது இனத்தை முதலில் விவரித்தவரும் ஆண்டும்; இனம் பின்னர் வேறு சாதிக்கு மாறியிருந்தால் அவற்றை அடைப்புக்குறிக்குள் இடுவர். மூர் முதலிலேயே அட்டாக்கஸில் வைத்ததால் அடைப்புக்குறி இல்லை. அட்லஸை லின்னேயஸ் வேறு சாதியில் விவரித்தார். ஆகவே அட்டாக்கஸ் அட்லஸ் (லின்னேயஸ், 1758).

நிறமும் அளவும் ஒரே இனத்திலேயே மாறும், அவற்றை நம்ப முடியாது. அட்லஸா தப்ரோபானிஸா என்று உறுதி வேண்டுமானால் ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்க்கவேண்டும். உலர்ந்த மாதிரியின் வயிற்று நுனியை ஒடித்து 10% பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் ஓரிரவு ஊறவிட்டு, நீரில் கழுவி, மெல்லிய தூரிகையால் கொழுப்பையும் செதில்களையும் நீக்கி, 70% அற்ககோலில் வைத்து நுணுக்குக்காட்டியில் நோக்குக. சீக்கிரம் எடுத்தால் கொழுப்பு உருவை மறைக்கும். நாட்கணக்கில் விட்டால் மென்சவ்வுகள் வெளிறி, தொட்டதும் கிழியும். பார்த்து முடித்ததைக் கிளிசரின் குப்பியில் போட்டு, ஊசியில் குத்திய அந்தின் இலக்கத்தையே குப்பிக்கும் இடுக. இலக்கம் மாறினால் இரண்டும் வீண். மரபணுச் சோதனைக்கு ஒரு காலைக் கழற்றி 95% எத்தனோலில் வைத்தால் போதும்; போமலினில் போட்டால் மரபணு சிதைந்துவிடும்.

மாதிரியோடு வைக்கும் சீட்டில் வெறும் 'திருகோணமலை' என்று எழுதாதீர்கள். அது நகரமா மாவட்டமா என்பது ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவருக்குத் தெரியாது. கன்னியா, உப்புவெளி, மூதூர் என்று ஊர்ப்பெயரும், திகதியும், எந்த விளக்கடியில் கிடைத்தது என்பதும் வேண்டும்.