தீத்தடுப்புக் கோடு: சொல்லும் பொருளும்

தை பிறந்து பனி விலகத் தொடங்கியதும், முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை ஆகிய காடுகளைப் பற்றிய செய்திகளில் ‘தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கும் பணி தொடங்கியது’ என்ற வாக்கியம் ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் இடம்பெறுகிறது. வனத்துறையினர் பேச்சில் இதையே ‘ஃபயர் லைன்’ என்பார்கள். எழுத்தில் மட்டும் அது ‘தீத்தடுப்புக் கோடு’ ஆகிவிடும். காட்டைப் பார்த்திராத வாசகருக்கு இச்சொல் சற்று விந்தையாகவே ஒலிக்கும். கோடு கிழித்தால் தீ நின்றுவிடுமா என்ற கேள்வி எழுவதும் இயல்பே.

காட்டுத்தீ பரவக்கூடிய வழியில், எரியத்தக்க புல், சருகு, சுள்ளி, புதர் ஆகியவற்றை அகற்றி, வெறும் மண் தெரியும்படி செய்யப்படும் நீண்ட பட்டைதான் தீத்தடுப்புக் கோடு. இடத்தையும் எரிபொருளின் அடர்த்தியையும் பொறுத்து அதன் அகலம் இரண்டு மூன்று மீட்டராகவும் இருக்கலாம், பத்து மீட்டரைத் தாண்டவும் செய்யலாம். தீ எரிவதற்கு வெப்பம், உயிர்வளி, எரிபொருள் ஆகிய மூன்றும் வேண்டும். திறந்த காட்டில் உயிர்வளியைத் தடுக்க வழியில்லை. வெப்பத்தைத் தணிக்க வேண்டிய அளவுக்கு மலைச்சரிவில் தண்ணீரும் கிடைப்பதில்லை. மனிதர் கைக்கு எட்டுவது எரிபொருள் ஒன்றே. ஆகவேதான் தீயணைப்பு வண்டி ஏற முடியாத காடுகளில், உலகின் எந்த நாடானாலும், முதல் ஆயுதம் இந்த வெட்டவெளிப் பட்டையாக இருக்கிறது. கரும்புச் சோகைக்குத் தீ வைக்கும் உழவர், பக்கத்து வயலின் ஓரத்தை முன்கூட்டியே செதுக்கிவிட்டுத்தான் தீக்குச்சியை உரசுவார். காட்டில் நடப்பதும் அதே வேலைதான்.

கோடு அமைக்கும் வேலையை அருகிலிருந்து பார்த்தால், அதில் பாதி வெட்டுதல், மறுபாதி எரித்தல் என்பது விளங்கும். சாலையோரத்தில் இரு பக்கமும் புல்லையும் உண்ணிச்செடியையும் அரிவாளால் வெட்டிச் சாய்த்துக் காயவிடுகிறார்கள். பிறகு காற்று அடங்கியிருக்கும் நேரம் பார்த்து அதற்குத் தாங்களே தீ வைக்கிறார்கள். தீ பட்டையைத் தாண்டி உள்ளே நுழையாதபடி, பச்சைத் தழைக்கொத்தைக் கையில் பிடித்த காவலர்கள் இரு ஓரங்களிலும் நின்று அடித்து அணைத்துக்கொண்டே நகர்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் முதுகில் மாட்டிக்கொள்ளும் ஊதுகருவியும் வந்திருக்கிறது. சருகை அது ஒரு பக்கமாக ஊதித் தள்ளிவிடுவதால், துடைப்பமும் தழையும் கொண்டு செய்த வேலை விரைவாக முடிகிறது. ஆனால் ஓர் ஆண்டு வெட்டிய கோடு மறு ஆண்டுக்கு உதவாது. மழை பெய்ததும் புல் முளைக்கும். இலையுதிர் காட்டில் மாசி, பங்குனிக்குள் சருகு மீண்டும் மூடிவிடும்.

இனி சொல்லின் வரலாற்றுக்கு வருவோம். ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. ஆளிச்செடியை இலத்தீன் ‘லீனும்’ என்று அழைத்தது. அச்செடியின் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. நூலை இழுத்துப் பிடித்துக் குறித்த தடம் என்ற நிலையிலிருந்து கோடு, வரிசை, எல்லை, போர்முனை எனப் பொருள்கள் விரிந்தன. ‘ஃபயர் லைன்’ என்னும் தொடரில் எல்லை, போர்முனை ஆகிய இரண்டின் சாயலும் உண்டு. இந்தியாவில் இம்முறை அரசுப் பணியாகத் திட்டமிட்டு நடந்தது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்; மத்திய மாகாணத்துப் போரி காட்டில் கர்னல் பியர்சன் 1860-களில் நடத்திய தீப்பாதுகாப்பு முயற்சி அதற்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. மரத்தை வருவாயாகப் பார்த்த ஆட்சிக்குத் தீ வெறும் எதிரியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. காட்டை எரித்தே காட்டைக் காக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்ள அந்த ஆட்சிக்கு நெடுங்காலம் ஆயிற்று.

தமிழாக்கத்தின் மீது எழும் மறுப்பு எளிதில் யூகிக்கக்கூடியது. கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் இல்லை. பத்து மீட்டர் அகலமுள்ள நிலப்பட்டையைக் கோடு என்பது ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்ததன் விளைவு. ‘தீத்தடுப்புப் பட்டை’ என்றோ ‘தீத்தடம்’ என்றோ சொல்வதே முறை என்பர். இவற்றுள் ‘தீத்தடம்’ உடனே தள்ளத்தக்கது. அது தீ சென்ற வழியைத்தான் குறிக்குமே தவிர, தீயை நிறுத்திய இடத்தைக் குறிக்காது. ‘பட்டை’ பொருத்தமான சொல்தான். எனினும் ‘கோடு’ அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடக் கூடியதன்று.

தமிழில் கோடு என்பது வரைகோல் வைத்து இழுக்கும் கீற்று மட்டுமன்று. யானையின் கொம்பும் கோடு, மரத்தின் கிளையும் கோடு, மலையுச்சியும் கோடு. திருச்செங்கோட்டின் பெயரில் நிற்பது இந்த மலைக்கோடுதான். இவற்றோடு நம் பேச்சில் மறைந்துபோன இன்னொரு பொருளும் உண்டு. ‘அளவளா வில்லாதான் வாழ்க்கை குளவளாக் கோடின்றி நீர்நிறைந் தற்று’ என்னும் 523-ஆம் குறளில் கோடு என்பதற்கு உரையாசிரியர்கள் கொள்ளும் பொருள் கரை. கரையில்லாத குளத்தில் நீர் நிறைவது போல என்பது கருத்து. கோடு என்பது பரவ முனையும் ஒன்றைப் பரவவிடாமல் நிறுத்தும் கரை என்றால், தீத்தடுப்புக் கோடு என்பது தீக்குக் கட்டிய கரையாகிறது. அகலம் இல்லை என்ற மறுப்பு இங்கே விழுந்துவிடுகிறது, ஏனெனில் கரைக்கு அகலம் உண்டு. அலுவலகக் கோப்பில் இச்சொல்லை முதன்முதலில் எழுதியவர் குறளை நினைத்து எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை. லைன் என்றால் கோடு என்று எழுதி முடித்திருப்பார். தற்செயலாக வாய்த்தது என்பதற்காக நல்ல சொல்லை விட்டுவிட வேண்டியதில்லை.

இந்தக் கரையும் எல்லா வெள்ளத்தையும் தாங்காது. தரையோடு பரவும் தீயை அது நிறுத்தும். மர உச்சிகளில் தாவிச் செல்லும் தீயின் முன்னால் பத்து மீட்டர் இடைவெளி ஒன்றுமில்லை. காற்று வலுத்தால் கங்குகள் பறந்து கோட்டுக்கு அப்பால் விழுந்து புதிய தீயை மூட்டும். சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது, சுடர் தனக்கு மேலிருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுவதால், சமதரையைவிடப் பல மடங்கு விரைந்து ஏறும். ஆகவே கோட்டை இடைச்சரிவில் வெட்டுவதைவிட, மலைமுகட்டிலோ முகட்டுக்குச் சற்று அப்பாலோ வெட்டுவது நலம். முகட்டை எட்டியதும் தீயின் வேகம் தணியும். சரிவிலேயே வெட்டியாக வேண்டுமானால், கோட்டின் கீழ்ப்புறத்தில் மண்ணைத் திட்டாக அணைத்துச் சிறு வாய்க்கால்போல் தோண்டுவர். மேலிருந்து எரிந்தபடி உருண்டுவரும் கட்டையோ காயோ அதில் விழுந்து தங்கிவிடும். இன்னொரு விதி, கோட்டை எரியத்தக்க புல், புதர் நடுவே தொடங்கலாகாது என்பது. சாலை, ஓடை, பாறை, ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம் ஆகியவற்றில் ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். இல்லையேல் தீ கோட்டின் முனையைச் சுற்றிக்கொண்டு வந்து, வெட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றம் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த தீ, காய்ந்த புல் மூடிய மலைச்சரிவில் மூண்டது.

அமெரிக்காவில் கோடு வெட்டுவதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் வாய்ச்சி. வேரை வெட்டவும் மண்ணைக் கொத்தவும் ஒரே கைப்பிடி போதும். அதற்குப் புலாஸ்கி என்று பெயர். 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் சுமார் 30 லட்சம் ஏக்கரை எரித்த பெருந்தீயின்போது, தம் குழுவினர் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பழைய சுரங்கம் ஒன்றுக்குள் நுழைத்து, அவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயரே கருவிக்கு நிலைத்துவிட்டது. நம் மலைகளில் அரிவாளும் மண்வெட்டியும் தனித்தனியாகத்தான் போகின்றன.

கோட்டோடு பிறந்த வேறு சில சொற்களையும் இங்கே பிரித்தறிய வேண்டும், ஏனெனில் செய்திகளில் இவை ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. தீ வருமுன்பே ஆண்டுதோறும் பேணப்படும் அகன்ற வெளியை ஆங்கிலத்தில் ‘ஃபயர் பிரேக்’ என்றும், தீ மூண்ட பின் அதன் விளிம்பை ஒட்டி அவசரமாக வெட்டுவதை ‘ஃபயர் லைன்’ என்றும் பிரிப்பதுண்டு. தமிழ்நாட்டு வழக்கில் இரண்டுமே தீத்தடுப்புக் கோடுதான். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் முன்னதைத் ‘தீயிடைவெளி’ எனலாம். மரங்களை விட்டுவைத்து, அடியிலுள்ள புதரையும் தாழ்ந்த கிளைகளையும் மட்டும் கழித்த பகுதி ‘ஃபியூயல் பிரேக்’. அங்கே தீ நிற்காது, ஆனால் தணியும். அதை ‘எரிபொருள் குறைத்த பட்டை’ என்று விரித்துச் சொல்வதே நேர்மை. கோட்டுக்கும் வந்துகொண்டிருக்கும் தீக்கும் இடையிலுள்ள பகுதிக்கு வேண்டுமென்றே வைக்கும் தீ, ‘எதிர்த்தீ’. இச்சொல் ஏற்கெனவே வழக்கில் உள்ளது, மாற்ற வேண்டியதில்லை. வரும் தீ அந்த இடத்தை எட்டும்போது எரிக்க எதுவும் மிஞ்சியிருக்காது. காற்று திசை மாறினால் வைத்தவரையே சூழ்ந்துகொள்ளும் என்பதால், அதற்குக் கட்டளையிடும் உரிமையை அனுபவமுள்ளவரிடம் மட்டுமே விடுவார்கள். ‘தீயரண்’ என்ற சொல்லைச் சிலர் இங்கே கொண்டுவரப் பார்க்கிறார்கள். அது கணினித் துறையில் குடிபுகுந்துவிட்டது, அங்கேயே இருக்கட்டும்.

தமிழ்ச் செய்தியில் பெரும்பாலும் தவறாகப் பெயர்க்கப்படும் தொடர் ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் தீ மூளும்போதெல்லாம், ‘நாற்பது விழுக்காடு கன்டெயின்மென்ட்’ என்று அங்கிருந்து வரும் அறிவிப்பு, இங்கே ‘40 சதவீதத் தீ அணைக்கப்பட்டது’ என்று ஆகிவிடுகிறது. அறிவிப்பின் பொருள் அதுவன்று. எரியும் பரப்பின் சுற்றளவில் நாற்பது விழுக்காட்டுக்கு, இனித் தாண்டாது என்று நம்பத்தக்க கோடு அமைந்துவிட்டது என்பதே பொருள். உள்ளே தீ கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்கலாம். 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் மூண்ட பாலிசேட்ஸ் தீ, அந்த மாதம் 31-ஆம் நாள்தான் நூறு விழுக்காட்டை எட்டியது. அதற்கு முன்பே பெருஞ்சுடர்கள் தணிந்துவிட்டன. கன்டெயின்மென்ட் என்பதற்கு நான் ‘வளைப்பு’ என்பேன். கோட்டையை வளைத்தான் என்று பழந்தமிழ் சொல்லும் அதே வளைப்பு. ‘தீயின் சுற்றளவில் நாற்பது விழுக்காடு வளைக்கப்பட்டது’ என்று எழுதினால் வாசகர் ஏமாறமாட்டார்.

அந்த நாட்களின் படங்களில் விமானங்கள் கொட்டிய இளஞ்சிவப்புக் கலவையைப் பலர் பார்த்திருப்பார்கள். தீயின் தலையில் கொட்டுகிறார்கள் என்றே எண்ணத் தோன்றும். உண்மையில் அமோனியம் பாஸ்பேட் உப்புகள் கலந்த அந்த நீர்மத்தைப் பெரும்பாலும் தீக்கு முன்னால், இன்னும் எரியாத புதர்மேல்தான் கொட்டுகிறார்கள். புதர் தீப்பற்றுவதை அது தாமதப்படுத்தும். சிவப்பு நிறம், முந்தைய விமானம் விட்ட இடம் எது என்று அடுத்த விமானிக்குக் காட்டுவதற்காகச் சேர்ப்பது. அங்கிருந்து அவர் தொடர்ந்து இழுத்துச் செல்வார். வானிலிருந்து வரைந்தாலும் அதுவும் தீத்தடுப்புக் கோடுதான். 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டில் விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர் பெரிய வாளியில் நீர் முகந்து ஊற்றியது வேறு வகை. அங்கே நீர் தீயின்மேலேயே விழுந்தது, கோடு எதையும் வரையவில்லை.

செயற்கைக்கோள் வந்தபின் கோடு வெட்டுவதில் மாறியது முறையன்று, நேரம். டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம், டெரா, அக்வா கோள்களிலுள்ள மோடிஸ் உணரியும் சுவோமி கோளிலுள்ள விர்ஸ் உணரியும் கண்ட வெப்பப்புள்ளிகளை மாநில வனத்துறைகளுக்கு அனுப்புகிறது. மோடிஸ் 1 கிலோமீட்டர் கட்டத்தைப் பார்க்கும், விர்ஸ் 375 மீட்டர் கட்டத்தை. கோள் ஓர் இடத்துக்கு மேல் நாளில் சில முறைதான் கடக்கும் என்பதால், இடைப்பட்ட நேரத்துப் புல்தீ அதன் கண்ணில் படாமலே எரிந்து முடியலாம். வெப்பம் காட்டும் கேமரா பொருத்திய டிரோன் அந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்புகிறது. புகைக்குள்ளும் தீயின் விளிம்பைக் காட்டுவதால், கோட்டை எங்கே வெட்டுவது என்பதைக் குழுத்தலைவர் முன்பே முடிவு செய்ய இயலும்.

வளைத்த பின்னும் ஒரு வேலை மிஞ்சும். கோட்டை ஒட்டிய சாம்பலில் கங்கு உயிரோடிருக்கிறதா என்று பார்க்க, கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சாம்பலுக்கு அருகே கொண்டுசெல்வார்கள். அனல் உறைத்தால் கிளறி, மண்ணைக் கலந்து, மீண்டும் தொட்டுப் பார்ப்பார்கள். அடிக்கட்டையின் உள்ளே புகுந்த கங்கு நாட்கணக்கில் கனன்று, காற்று வீசும் நாளில் வெளிவரும். ஆங்கிலத்தில் ‘மாப் அப்’ எனப்படும் இதற்குத் ‘துடைத்தெடுத்தல்’ என்ற பெயர்ப்பைக் கண்டிருக்கிறேன். ‘கங்கு தணித்தல்’ என்றால் எதைச் செய்கிறார்கள் என்பது கேட்டவுடன் புரியும்.

எழுத்துமுறை பற்றி ஒன்று. ‘தீதடுப்பு கோடு’ என்று ஒற்றில்லாமல் எழுதிய அறிவிப்புப் பலகைகள் சாலையோரங்களில் கண்ணில் படுகின்றன. தீ என்னும் ஓரெழுத்துச் சொல்லின் பின் தகரம் மிகும். தடுப்பு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம் ஆதலால் அதன் பின் ககரமும் மிகும். தீத்தடுப்புக் கோடு என்பதே சரி. கோடு என்பதை இதே பொருளில் அடையோடு சேர்த்தும் ஆளலாம்: நீர் தெளித்து நனைத்துவைத்த பட்டை ஈரக்கோடு, கைக்கருவியால் வெட்டியது கைக்கோடு, புல்டோசர் கிழித்தது புல்டோசர் கோடு.