ரப்பராட்ட வளையறது நளினம் இல்லீங்க

போன செவ்வாய்க்கிழமை கோபியிலிருந்து ஒரு அம்மா ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் தன் பத்து வயதுப் பெண்ணைக் கூட்டி வந்தார். முதுகின் அடிப்பகுதியில் வலி. "எத்தனை நாளா வலிக்குது அம்மணி?" என்று பிள்ளையைக் கேட்டேன். பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "ரெண்டு மாசமாத்தானுங்க. சுளுக்கு வழிச்சும் பாத்துட்டோம். அதுக்காக விட்றதுக்கில்லீங்க, அவளுக்குப் பொறப்புலயே ஒடம்பு ரப்பராட்ட இருக்குது. இந்த நளினமெல்லாம் சொல்லிக் குடுத்து வராதாமா, சாமி குடுத்ததாமா. மாஸ்டரே சொல்லிப்போட்டாரு."

ஒற்றைக் காலில் நின்று மெதுவாகப் பின்னால் சாயச் சொன்னேன். வலது காலில் நின்றபோது ஒன்றுமில்லை. இடது காலில் பாதி சாய்வதற்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் பின்வளையத்தில் விரிசல். வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வருகிற அதே விரிசல்தான். இந்தக் கல்வியாண்டில் எனக்கு இது மூன்றாவது பிள்ளை. மூன்று பேரையும் "பொறவி ரப்பர்" என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். ஈரோட்டில் பிசியோதெரபி பார்க்கத் தொடங்கிப் பதினான்கு வருடம் ஆகிறது. இந்த ஒரு வார்த்தை கெடுத்த அளவுக்கு வேறெதுவும் பிள்ளைகளின் முதுகைக் கெடுத்து நான் பார்த்ததில்லை.

"ரப்பர்" என்று நீங்கள் சொல்வதை அளக்க எங்களிடம் பெய்ட்டன் அளவு என்று ஒன்று இருக்கிறது. சுண்டுவிரல் பின்னால் 90 டிகிரிக்கு மேல் மடங்குகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் நேர்க்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளைகின்றனவா, முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிக்க முடிகிறதா என்று பார்ப்போம். மொத்தம் 9 புள்ளி. இந்தப் பிள்ளைக்கு 8. அம்மாவின் முகத்தில் பெருமை. அது பரீட்சை மார்க் இல்லை தாயே! மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்கள் எவ்வளவு தளர்வு என்று காட்டும் எண், அவ்வளவுதான். எண் கூடக் கூட என் கவலைதான் கூடும்.

பிறவியில் ஒன்றுமே வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. கை கால் நீளம் வரும், மூட்டின் தளர்வு வரும். ஆனால் நளினம் என்பது வளைவதில் இல்லை. வளைகிற உடம்பை எந்த இடத்தில், எந்த வேகத்தில், எப்படி நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. அதை எந்தக் குழந்தையும் வயிற்றிலிருந்து கொண்டுவருவதில்லை.

வீட்டிலேயே பார்க்கலாம். பழகாத பிள்ளையிடம் ஒரு கையைக் காதோரம் தூக்கச் சொல்லுங்கள். தோளும் கூடவே ஏறும், கழுத்து குறுகும், விலா முன்னால் தள்ளும், விரல்கள் அஞ்சும் விறைத்து நிற்கும். ஒரு வருடம் ஒழுங்காகப் பழகிய பிள்ளை தூக்கினால் தோள் ஏறாது. முழங்கை முதலில் போகும், மணிக்கட்டு அதன் பின்னால் போகும், விரல்நுனி கடைசியாகப் போய்ச் சேரும். கண்ணும் விரலோடு போகும். அந்த ஒரு நொடியைத்தான் நாம் 'ஆஹா' என்கிறோம். இன்னொன்று, 20 சென்டிமீட்டர் உயரப் பலகையிலிருந்து பிள்ளைகளைக் குதிக்கச் சொல்லிவிட்டு நான் திரும்பி நின்றுகொள்வேன். காதால் கேட்டாலே போதும். முதல் மாதம் 'தொப்' என்று விழும். ஆறு மாதம் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யப் பழகினால் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

தளர்ந்த மூட்டுள்ள பிள்ளைக்கு இது இன்னும் கஷ்டம். கை எங்கே இருக்கிறது, கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்ற செய்தி அவர்களுக்கு மூட்டிலிருந்து மங்கலாகத்தான் போகும். ஆக, "இவளுக்குத் தானா வருது" என்று நீங்கள் விட்டுவிடுகிற பிள்ளைக்குத்தான் தசைப் பயிற்சி அதிகம் தேவை. நடப்பதோ தலைகீழ். விறைப்பான பிள்ளைக்குப் பலம் ஏற்றுகிறார்கள், ரப்பர் பிள்ளையை இன்னும் வளைக்கிறார்கள்.

ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி விதிப் புத்தகத்தைப் பாருங்கள். செய்நேர்த்தி மதிப்பெண் 10-ல் தொடங்கி ஒவ்வொரு குறைக்கும் இறங்கும். பாத நுனி நீளாவிட்டால் 0.1 போகும், விழுந்தால் முழுதாக 1 போகும். பெண்களுக்கான பீமிலும் (ஒடுக்கமான பலகைமேல் செய்வது) ஃப்ளோரிலும் (தரையில் இசையோடு செய்வது) கலைநயத்துக்கென்றே தனிக் கழிவுகள் உண்டு. தலை, தோள், உடல் நிற்கும் விதம், அசைவின் வீச்சு, பாத வேலை, ஃப்ளோரில் இசையோடு சேர்வது என்று உருப்படி உருப்படியாக எழுதியிருக்கிறார்கள். உருப்படியாக எழுத முடிந்ததைச் சொல்லிக்கொடுக்கவும் முடியும். ஒலிம்பிக்கில் 18 பதக்கம் வாங்கிய ஜிம்னாஸ்ட் லாரிசா லத்தினினா முதலில் கற்றது பாலே. சோவியத் நாட்டுப் பயிற்சிக்கூடங்களில் கோச்சுக்குப் பக்கத்தில் நடன ஆசிரியரும் நின்றார். பிறவியில் வருகிற சரக்கு என்றால் அவருக்கு எதற்குச் சம்பளம்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம்ம ஊருக்கே வாங்க. நளினத்துக்கு நம்மிடம் 'ஒயில்' என்றே சொல் இருக்கிறது. வள்ளி ஒயில் கும்மி பழகுகிற இடத்தில் ஒரு சாயங்காலம் போய் உட்காருங்கள். முதல் வாரம் பாதிப் பேர் எதிர்ப்பக்கம் திரும்புவார்கள், பக்கத்தில் இருப்பவர் காலை மிதிப்பார்கள். மாதக்கணக்கில் பழகி அரங்கேற்றம் ஏறும்போது அதே ஐம்பது அறுபது பேரும் ஒரே உடம்பாட்டம் குனிந்து திரும்புகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் பேத்தி எடுத்தவரும் ஒரே வரிசையில் ஆடுகிறார்கள். 2024-ல் பத்மஸ்ரீ பெற்ற பத்ரப்பன் ஐயா தன் வாழ்நாளை இதைச் சொல்லிக்கொடுப்பதில்தான் கழித்திருக்கிறார். கும்மியில் பழக்கம் என்று ஒப்புக்கொள்கிற நாம் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றதும் ஏன் சாமி குடுத்தது என்கிறோம்?

இந்த நம்பிக்கையின் இன்னொரு முனையில் அடிபடுகிறவர்கள் "கட்டை ஒடம்பு" என்று திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகள். திருப்பூரிலிருந்து வந்த எட்டு வயதுப் பெண் ஒருத்தி, உட்கார்ந்து கால்விரலைத் தொட முடியாது என்பதற்காக முதல் நாளே வேண்டாம் என்று சொல்லப்பட்டவள். இரண்டு வருடம் கழித்து அவள் 10 சென்டிமீட்டர் அகல பீமில் நடந்ததை நான் பார்த்தேன். அவள் பாதம் பலகையைத் தடவிக்கொண்டே போனது. நம் நாட்டு ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகருக்குப் பிறந்ததிலிருந்தே தட்டைப் பாதம். ஜிம்னாஸ்டுக்கு அதைவிட இடைஞ்சலான பாதம் இல்லை. அந்தப் பாதத்தைப் பயிற்சியால் பக்குவப்படுத்தித்தான் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் பிரிவில் நான்காவது வந்தார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.15.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் இன்னொரு கூத்து நடக்கும். பிள்ளை கிடுகிடுவென்று வளரும். எலும்பு நீள்கிற வேகத்துக்குத் தசை எட்டாது. நேற்று வரை அழகாகச் செய்தவள் இன்று தடுமாறுவாள். "கண்ணு பட்டுருச்சுங்க" என்று சுத்திப்போட்டுவிட்டு, போனதைத் திரும்பக் கொண்டுவரக் காலை இழுத்துப் பிடிப்பார்கள். வேண்டாமுங்க. அந்த மாதங்களில் பயிற்சியைக் குறையுங்கள். போன நளினம் பழகப் பழகத் திரும்ப வரும்.

ஸ்ப்ளிட்டில், அதாவது கால்களை முழுதாக விரித்துத் தரையோடு உட்கார்ந்து இருக்கிற பிள்ளையின் மேல் யாரும் உட்காரக் கூடாது, முதுகில் கால் வைத்து அழுத்தக் கூடாது. மாஸ்டர் செய்தாலும் தடுங்கள். இரண்டு நாற்காலியில் கால்களை வைத்து நடுவில் தொங்கவிடுவதை நிறுத்துங்கள். பின்னால் வளையும்போது முதுகு வலித்தால் அன்றே நிறுத்த வேண்டும். சுளுக்கு வழிக்கிறவரிடம் போகாதீர்கள், விரிசல் விட்ட எலும்பை வழிப்பதா? எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று ஆகாது, ஆரம்ப விரிசல் அதில் தெரியாமல் போகும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பிள்ளையின் வயதைத் தாண்ட வேண்டாம். பத்து வயதென்றால் பத்து மணி நேரம், அதிலும் ஒரு நாளாவது முழு ஓய்வு. மெலிந்தால்தான் நளினம் என்று சோற்றைக் குறைக்காதீர்கள். பதினைந்து வயதாகியும் மாதவிலக்கு வரவில்லை என்றால் பயிற்சியைக் காரணம் சொல்லித் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

கோபிப் பிள்ளைக்கு மூன்று மாதம் பின்வளைவதும் குதிப்பதும் கிடையாது. ஆனால் கூடத்துக்குப் போகலாம் என்றேன். கை தூக்குவது, பாதத்தைத் தரையில் உருட்டி நடப்பது, பாட்டுக்குத் தலை திருப்புவது எல்லாவற்றையும் இப்போது கற்கட்டும். "இதையெல்லாம் போயிப் பழகோணுங்களா?" என்று அம்மா கேட்டார். பழகோணுங்க. அதைத்தான் இத்தனை நாளும் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்புறம் ஒன்று, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எங்களிடம் கூட்டி வரும்போது, வலிக்குதா என்று நாங்கள் கேட்டால் பிள்ளையைப் பேச விடுங்கள். அவள் யோசித்துச் சொல்லட்டும், நாங்கள் காத்திருக்கிறோம்.