விரதத்தில் தலைவலியும் குளிரும்: எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எப்போது நிறுத்த வேண்டும்

"விரதம் இருந்தாலே தலை வலிக்குது டாக்டர், கையும் காலும் சில்லுன்னு ஆயிடுது" என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது, "கடைசியா காபியோ டீயோ எப்போ குடிச்சீங்க?" என்பதுதான். சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வினோதமாகத்தான் படும். ஆனால் விரதத்தின் முதல் நாளில் வரும் தலைவலிக்கு, என்னிடம் வரும் பல பேரிடம், பசியைவிட நிறுத்திய காபிதான் பெரிய காரணமாக இருக்கிறது.

இன்னொரு விளக்கமும் அடிக்கடி காதில் விழுகிறது. "உடம்புல இருக்கிற கழிவெல்லாம் வெளியேறுது, அதான் வலிக்குது, தாங்கிக்கணும்னு சொன்னாங்க" என்பார்கள். இதை நான் கண்டிப்பாகவே மறுப்பேன். கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அன்றாடம் செய்கின்றன. தலைவலி அந்த வேலையின் அடையாளம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இந்த நம்பிக்கையால் வரும் கெடுதலைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வலி கூடக்கூட விரதம் நன்றாக வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டு, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் போய்விடுகிறார்கள்.

சரி, காபிக்கு வருவோம். நம் உடம்பில் அடினோசின் என்று ஒரு பொருள் உண்டு. மூளையின் ரத்தக் குழாய்களை விரிய வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. காபி, டீயில் இருக்கும் கஃபைன் அதைத் தடுத்து நிறுத்துகிறது. தினமும் குடிப்பவர்களின் உடம்பு இந்தத் தடைக்குப் பழகிப்போய்விடும். திடீரென்று தடை விலகினால் குழாய்கள் விரிந்து, நெற்றியும் பொட்டும் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பிக்கும். கடைசியாகக் குடித்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இந்த வலி தொடங்கும், பெரும்பாலும் இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போகும், 2 நாளிலிருந்து 9 நாள் வரை இழுக்கலாம். நிறையக் குடிப்பவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கஃபைன், அதாவது ஏறக்குறைய ஒரு கோப்பை காபி குடித்துப் பழகியவருக்கும் வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நேற்று மாலை 5 மணிக்குக் கடைசிக் கோப்பை என்றால், இன்று காலை 5 மணியிலிருந்து மாலை 5 மணிக்குள் வலி வர வேண்டும். அதே நேரத்தில்தான் வயிறும் காலியாக இருக்கிறது. அதனால் பழி முழுக்கப் பசியின் மேல் விழுந்துவிடுகிறது. சாப்பிட்டும் வலி போகவில்லை, ஆனால் ஒரு காபி குடித்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் போய்விட்டது என்றால் காரணம் தெரிந்துவிட்டது.

இதற்கு வைத்தியம் விரத நாளில் கிடையாது, அதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் இருக்கிறது. நாலு கோப்பை குடிப்பவர் இரண்டு மூன்று நாளைக்கு மூன்றாகக் குறைக்க வேண்டும், அப்புறம் இரண்டு, பிறகு ஒன்று, கடைசியில் அரை. ஒரே நாளில் நிறுத்துகிறேன் என்று வீம்பு பிடிப்பவர்கள்தான் இரண்டாம் நாள் இருட்டறையில் படுத்துக் கிடக்கிறார்கள். கோலா, எனர்ஜி பானங்கள் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சில தலைவலி மாத்திரைகளிலேயே கஃபைன் கலந்திருக்கிறது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீரும் உப்பும். நாம் குடிப்பது தவிர, சாப்பாட்டின் வழியாகவும் அன்றாடம் தண்ணீர் உள்ளே போகிறது. சாப்பாடு நின்றால் அதுவும் நின்றுவிடும். இது பாதிக் கதைதான். கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைகோஜன், அதாவது சர்க்கரையின் சேமிப்பு வடிவம், இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரையக் கரைய அந்தத் தண்ணீரும் விடுபட்டு வெளியேறுகிறது. கூடவே இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியே தள்ளுகிறது. இரண்டு மூன்று நாள் விரதம் இருப்பவர்கள் முதல் நாட்களில் அடிக்கடி சிறுநீர் போகிறது என்று சொல்வதும், எடை மளமளவென்று குறைவதும் இதனால்தான். அந்த எடையில் பெரும்பகுதி தண்ணீர் என்று சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது.

தண்ணீர் குடிக்கலாம் என்ற விரதமாக இருந்தால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். தலை வலிக்கிறதே என்று லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொள்வது தப்பு. உப்பு ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருக்கும்போது இப்படிச் செய்தால் ரத்தத்தில் சோடியம் இன்னும் நீர்த்துப்போகும், அதுவே தலைவலியையும் குமட்டலையும் உண்டாக்கும். ஒரு நாள் விரதத்துக்கு முந்தின நாள் சாப்பாட்டில் வழக்கமான உப்பு இருந்தால் போதும். பல நாள் தண்ணீர் மட்டும் குடித்து இருப்பதென்றால், உப்புச் சத்துகளை எப்படி ஈடுகட்டுவது என்று மருத்துவரிடம் பேசாமல் இறங்காதீர்கள். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாகவே உப்புத் தண்ணீர் குடிக்கக் கூடாது.

தண்ணீரும் குடிக்காத விரதம் என்றால் முந்தின இரவே தயாராக வேண்டும். தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரு லிட்டரை ஒரே மூச்சில் குடித்தால், இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி சிறுநீராகப் போய்விடும். சாப்பிட அனுமதி உள்ள நேரம் முழுக்கப் பிரித்துக் குடிப்பதும், உணவோடு சேர்த்துக் குடிப்பதும் நல்ல பலன் தரும். அன்றைக்கு வெயிலில் அலையும் வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வலி வருகிறவர்கள் இருக்கிறார்கள். சர்வதேசத் தலைவலி சங்கத்தின் வகைப்பாட்டில் விரதத் தலைவலிக்கென்றே தனி இடம் இருக்கிறது. குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாதபோது வருவது, தலை முழுக்கப் பரவலாக மந்தமாக வலிப்பது, சாப்பிட்டதும் அடங்குவது என்று அதை விவரிக்கிறார்கள். ரத்தச் சர்க்கரை இறங்காமலேயே இது வரலாம். ஏற்கெனவே அடிக்கடி தலைவலி வருகிறவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குச் சாப்பாடு தவறுவதே வலியைத் தூண்டிவிடும், அன்றைக்குத் தூக்கமும் கெட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். நீண்ட விரதத்துக்குப் போகாமல் 12 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளும்படிதான் இவர்களிடம் சொல்வேன். மாதக்கணக்கில் பழகிய பிறகும் ஒவ்வொரு முறையும் வலிக்கிறது என்றால், அந்த விரதம் அவருக்கு ஒத்துவரவில்லை.

மாத்திரை போடலாமா என்ற கேள்வி உடனே வரும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை வெறும் வயிற்றில் இரைப்பையைப் புண்ணாக்கும். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். விரத நாளில் இவற்றைத் தொடவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பாராசிட்டமால் வயிற்றுக்கு அவ்வளவு தொல்லை தராது. ஆனால் பல நாள் சாப்பிடாமல் இருப்பவரின் கல்லீரலில், அந்த மருந்தின் நச்சுத்தன்மையை முறிக்கும் குளூட்டாதயோன் குறைந்திருக்கும். அதனால் வழக்கமாகத் தாங்குகிற அளவே அப்போது அதிகமாகிவிடலாம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை போட்டு, மூன்று மாதத்துக்கு மேல் இப்படியே போனால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி குளிர். சாப்பிட்ட உணவைச் செரிக்கவும் சேமிக்கவும் உடம்பு செலவழிக்கும் சக்தியில் வெப்பம் உண்டாகிறது. உணவிலிருந்து கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய 10 சதவீதம் இப்படிப் போகிறது. புரதம் சாப்பிட்டால் இன்னும் அதிகம். சாப்பிடாதபோது அந்த வெப்பம் கிடைப்பதில்லை. அப்போது உடம்பு சிக்கனக் குடும்பம்போல நடந்துகொள்கிறது: இதயம், மூளை, கல்லீரல் என்று முக்கியமானவர்களுக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு, கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. தெர்மாமீட்டரில் வெப்பநிலை சரியாகத்தான் காட்டும், விரல் நுனிகள் மட்டும் ஐஸ் மாதிரி இருக்கும். விரதம் பல நாள் நீண்டால் தைராய்டு சுரப்பின் செயல்படும் வடிவமான டி3யும் குறைந்து, உடம்பின் எரிபொருள் செலவே மட்டுப்படுகிறது.

இந்தக் குளிரைச் சமாளிப்பது கஷ்டமில்லை. ஒரே தடிமனான உடைக்குப் பதில் மெல்லிய உடைகளை அடுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள், காலுறை போடுங்கள். விரத முறை அனுமதித்தால் வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள். ஒரே இடத்தில் உட்காராமல் அவ்வப்போது மெல்ல நடங்கள், தசை அசைந்தால் வெப்பம் வரும். முந்தின நாள் கடைசி வேளையில் புரதம் தரும் உணவு இருக்கட்டும்.

வெந்நீர்க் குளியலில் மட்டும் எச்சரிக்கை தேவை. சூடு ரத்தக் குழாய்களை விரிக்கும், விரதத்தில் ஏற்கெனவே இறங்கியிருக்கும் ரத்த அழுத்தம் இன்னும் இறங்கும். வெகுநேரம் குளித்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும், குளியலறையில் விழுந்தால் இடுப்பெலும்பு போகும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், குளிருகிறதே என்று வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. மறுநாள் உள்ளங்காலில் கொப்புளத்தோடு வந்து, "சுட்டதே தெரியலையே" என்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புண் ஆற வாரக்கணக்கில் ஆகும்.

எல்லோரும் சாதாரணமாக இருக்கும் அறையில் உங்களுக்கு மட்டும், விரதம் இல்லாத நாளிலும் குளிர்கிறதா? அப்படியானால் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்கும் ஆண்களுக்கு 13க்கும் கீழே இருந்தால் ரத்தசோகை. விரதத்தைத் திட்டுவதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

குளிரோடு வியர்வையும் சேர்ந்தால் விஷயம் வேறு. உடம்பு சில்லென்று இருக்க, நெற்றியிலும் பின்கழுத்திலும் பிசுபிசுவென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால், அது ரத்தச் சர்க்கரை இறங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஆபத்து நிஜமானது. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். சர்க்கரைக்கான மாத்திரைகளில் எஸ்ஜிஎல்டி2 தடுப்பான் என்ற வகையும் உண்டு. அதைச் சாப்பிட்டுக்கொண்டு நீண்ட விரதம் இருந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் அபாயம் இருக்கிறது. இவர்கள் விரத நாளுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்த்து, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்க வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், உணவுக்கோளாறு இருந்தவர்கள் ஆகியோருக்கு நீண்ட விரதத்தை நான் பரிந்துரைப்பதே இல்லை.

எப்போது யோசிக்காமல் விரதத்தை விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்? இடி இறங்கியது போல் நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, கை கால் ஒரு பக்கம் பலவீனம், வாய் கோணல், பார்வை மங்கல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, நிற்காத வாந்தி, நெஞ்சு வலி, எழுந்து நின்றாலே மயக்கம். தூக்கித் தூக்கிப் போடும் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அது விரதக் குளிர் அல்ல, எங்கோ தொற்று இருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கரை நோயாளி ஒருவர் விரதத்தின்போது வியர்த்துத் தடுமாறினால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தாலோ, மீட்டர் கையில் இல்லாவிட்டாலோ, 15 கிராம் சர்க்கரையை, அதாவது 3 அல்லது 4 தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், இன்னும் ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. சரியானதும் சாப்பாடு கொடுத்துவிட வேண்டும். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் சர்க்கரை இறங்கியிருந்தால், நினைவு திரும்பிய பிறகும் ஒரு நாள் வரை மறுபடி இறங்கலாம், அதனால் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.