பழைய காருக்கு பூஸ்டர் மாட்டுவதற்கு முன் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள்

போன மாதம் ஒரு பெரியவர் தன் 1984 மாடல் பத்மினி காரை பெங்களூர் அல்சூரில் இருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தார். எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வலது முழங்காலில் ஆபரேஷன் ஆகி எட்டு மாதம்தான் ஆகிறது. "தம்பி, பிரேக்கை மிதிச்சா முட்டி விண்ணுன்னு தெறிக்குது. வேக்குவம் பூஸ்டர் மாட்டினா பூ மாதிரி ஆயிடும்னு பையன் சொல்றான். ஒண்ணு மாட்டிக் குடுத்துடு" என்றார்.

மாட்டலாம். ஆனால் அதற்கு முன் ஜாக்கியைப் போட்டு நான்கு சக்கரத்தையும் கழற்றினோம். பின்பக்கம் வலது சக்கரத்தில், லைனரை டிரம்மோடு அழுத்தும் வீல் சிலிண்டர் கசிந்து லைனர் முழுக்க பிரேக் ஆயில் ஊறியிருந்தது. முன் டிரம் இரண்டிலும் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு. ஒரு ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி ஆயில் போகவே வழியில்லாமல் கிடந்தது. இந்த நிலையில் இருக்கும் காரை யார் ஓட்டினாலும் கால் வலிக்கத்தான் செய்யும். டிரம்மைக் கடைந்து, லைனரும் வீல் சிலிண்டரும் ஹோஸும் புதிதாகப் போட்டு, பிரேக் லைனில் நிற்கும் ஏரை எடுத்துக் கொடுத்தோம். ஒரு வாரம் ஓட்டிவிட்டு வந்தவர், பாதி பாரம் குறைந்துவிட்டது என்றார். மீதிப் பாதிக்குத்தான் பூஸ்டர்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிரேக் பிடிக்காத காருக்கு மருந்து என்று நினைத்துத்தான் பலர் பூஸ்டர் கேட்டு வருகிறார்கள். பூஸ்டர் உங்கள் காலுக்குத்தான் துணை. லைனருக்கும் டயருக்கும் அதனால் ஒரு பலமும் கூடிவிடாது. சக்கரம் லாக் ஆகும் அளவுக்கு ஏற்கெனவே உங்களால் மிதிக்க முடிகிறது என்றால், பூஸ்டர் மாட்டியும் கார் ஓர் அடிகூட முன்னதாக நிற்காது.

பூஸ்டர் என்கிற அந்தத் தகர டப்பாவுக்குள் நடப்பது எளிய விஷயம். நடுவில் ஒரு ரப்பர் டயாஃப்ரம். அதன் இரண்டு பக்கமும் இருக்கும் காற்றை எஞ்சின் உறிஞ்சி வைத்திருக்கும்; அந்த வெற்றிடம்தான் வேக்குவம். நீங்கள் பெடலைத் தொட்டதும் உங்கள் பக்கத்து வால்வு திறந்து வெளிக்காற்று உள்ளே நுழையும், டயாஃப்ரத்தை முன்னால் தள்ளும். அதாவது தள்ளுவது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் எடைதான். இங்கேதான் பெங்களூர் வருகிறது. நாம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். சென்னையில் ஐட்லிங்கில் 20 அங்குலப் பாதரச அளவு வேக்குவம் காட்டும் பெட்ரோல் எஞ்சின் இங்கே 17தான் காட்டும். 8 அங்குல பூஸ்டர் ஒன்று அங்கே 220 கிலோவுக்குத் தள்ளினால் இங்கே 190 கிலோதான். ரிங்கும் வால்வும் தேய்ந்த பழைய எஞ்சின் என்றால் இன்னும் குறையும். ஆகவே பூஸ்டர் வாங்குவதற்கு முன்னால் கேஜ் மாட்டி உங்கள் எஞ்சினின் வேக்குவத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

டீசல் என்றால் கதையே வேறு. பெட்ரோல் எஞ்சினில் இருப்பதுபோல் காற்றை அடைக்கும் த்ராட்டில் பழைய டீசலில் கிடையாது. அதனால் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் பூஸ்டருக்குப் போதுமான வேக்குவமும் இருக்காது. வேறொரு இடத்தில் பூஸ்டர் மாட்டிய டீசல் அம்பாசடர் ஒன்று எங்களிடம் வந்தது. ஹோஸை அழகாகக் கொண்டுபோய் மேனிஃபோல்டில் சொருகியிருந்தார்கள். "அண்ணா, எஞ்சின் ஓடினாலும் ஓடாட்டியும் பெடல் கல்லு மாதிரியே இருக்கு" என்றார் அந்த டிரைவர். முதுகில் வேக்குவம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டராக மாற்றிய பிறகுதான் அந்த பூஸ்டர் வேலையே செய்ய ஆரம்பித்தது. அதுவரை அவர் மூன்று வாரம் அந்தக் காரில் ஆள் ஏற்றி ஓட்டியிருக்கிறார்.

ஹோஸ் விஷயத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்ரோல் ஹோஸ், தண்ணீர் ஹோஸ் எல்லாம் உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்குச் செய்தவை. சூட்டில் இளகி, உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். பிரேக் வேக்குவம் ஹோஸ் என்றே கேட்டு வாங்குங்கள். ஜே.சி. ரோட்டு உதிரி பாகக் கடைகளில் கிடைக்கும். உறிஞ்சிய காற்று பூஸ்டருக்குத் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வும் புதிதாகவே போடுங்கள். குஜரியில், அதாவது பழைய சாமான் கடையில், கிடைக்கும் பழைய பூஸ்டரைப் பெயின்ட் அடித்து மாட்டும் வேலையை நாங்கள் எடுப்பதில்லை. டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

இனி நான் செய்த தவறு ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பத்மினிக்கு பிராக்கெட் அடித்து பூஸ்டர் மாட்டினேன். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், பிரமாதமாக இருந்தது. கார்க்காரர் கிளம்பி அரை மணி நேரத்தில் ரிச்மண்ட் ரோட்டிலிருந்து போன் செய்தார். கார் நகரவில்லை, சக்கரத்திலிருந்து புகை வருகிறது என்றார். போய்ப் பார்த்தால் நான்கு டிரம்மும் தொட முடியாத சூடு. பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரோடு பிடித்திருக்கும் நட்டு இரண்டையும் கொஞ்சம் தளர்த்தினேன். டக்கென்று பிரேக் விட்டது. பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீளமாக நின்றிருக்கிறது. காலை எடுத்த பிறகும் அது பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே இருந்ததால் ஆயில் திரும்பிப் போகும் சிறு துளை மூடிக்கொண்டது. ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து, யாரும் மிதிக்காமலே பிரேக் பிடித்துவிட்டது. அது மேம்பாலத்தில், வேகத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிப்பேன். அன்றிலிருந்து, பிள்ளைகள் விளையாடும் கிளே கொஞ்சம் புஷ் ராடு நுனியில் வைத்து, மாஸ்டர் சிலிண்டரை மாட்டிக் கழற்றி, அது எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளக்காமல் ஒரு காரையும் வெளியே விடுவதில்லை. அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

டிரம்மோடு சேர்த்து முன்பக்கம் டிஸ்க்கும் போடுகிறவர்கள், மாஸ்டர் சிலிண்டரில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், டிரம்முக்கான ரெசிடுவல் வால்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் டிஸ்க் உரசிக்கொண்டே ஓடும். ஒற்றை லைன் மாஸ்டர் சிலிண்டர் உள்ள கார் என்றால், இத்தனை செலவோடு செலவாக இரட்டை லைனுக்கு மாறிவிடுங்கள். ஒரு பைப் வெடித்தாலும் இரண்டு சக்கரமாவது பிடிக்கும். எஃப்.சி. (தகுதிச் சான்று) நெருங்கும் வண்டி என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது வேறொன்றுக்கு. பூஸ்டர் இல்லாத காரில் பெடலின் நெம்பு பலம் பொதுவாக ஆறு மடங்குக்குப் பக்கத்தில் இருக்கும். பூஸ்டர் மாட்டும்போது அதை நான்கு மடங்காகக் குறைக்கிறோம், மாஸ்டர் சிலிண்டரையும் பெரிதாக்குகிறோம். இல்லாவிட்டால் தொட்டாலே சக்கரம் லாக் ஆகும். ஆனால் எஞ்சின் நின்றுவிட்டால்? டப்பாவில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதன் பிறகு அந்தக் காரை நிறுத்த, மாற்றுவதற்கு முன் மிதித்ததைவிட அதிகமாக மிதிக்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் சாவியைத் திருப்பிவிட்டு நியூட்ரலில் இறங்கும் பழக்கம் அந்தக் காலத்து ஓட்டுநர்கள் பலருக்கு உண்டு. ஊட்டியிலிருந்து கூடலூர் பக்கம் அப்படி இறங்கினால் மூன்றாவது வளைவில் பூஸ்டரின் உதவி இருக்காது. அந்த உயரத்தில் காற்றழுத்தமே கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். கியரில் போட்டு, எஞ்சின் ஓட, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் பெட்ரோல் எஞ்சினில் வேக்குவம் நிறையக் கிடைக்கும்.

பெரியவரிடம் கேட்டேன். "நாற்பது வருஷமா அப்படித்தான் இறங்கறேன்" என்றார்.

வண்டியை ஒப்படைக்கும் நாளில் முற்றத்திலேயே அவரை சீட்டில் உட்காரவைத்தேன். எஞ்சினை அணைத்துவிட்டு மிதிக்கச் சொன்னேன். முதல் மிதி பூ. இரண்டாவது கொஞ்சம் இறுகியது. நான்காவது மிதியில் முகம் சுளித்துக்கொண்டு முட்டியைப் பிடித்தார். "காலை எடுக்காம அழுத்தியே வெச்சிருங்க சார்" என்று சொல்லி எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். பெடல் தானாக ஓர் அங்குலம் கீழே இறங்கியது. பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், மாதம் ஒருமுறை வீட்டிலேயே இதைச் செய்து பாருங்கள் என்றேன். மிதிக்கும்போது உஸ் என்று சத்தம் நீடித்தாலோ, வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் பிரேக் ஆயில் குறைந்து சைலன்ஸரில் வெள்ளைப் புகை வந்தாலோ உடனே கொண்டு வரச் சொன்னேன். அந்தப் புகைக்கு, பூஸ்டர் வழியாக பிரேக் ஆயிலை எஞ்சின் குடிக்கிறது என்று அர்த்தம்.

அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்போ வண்டி வழியில நின்னு போயி கயிறு கட்டி இழுத்தா?" என்று கேட்டார்.

"அப்பவும் இதேதான் சார். கயிறு வேண்டாம், தூக்கிட்டுப் போற வண்டியைக் கூப்பிடுங்க" என்று சொல்லி, தெரிந்த ஒருவருடைய நம்பரை அவருடைய சர்வீஸ் புத்தகத்தின் அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.