மிளாக்குட்டி தனியாகக் கிடந்தால்

"சாரே, புறத்தே ஒரு மிளாக்குட்டி கிடக்குது. தள்ளையக் காணல்ல. வீட்டுக்குள்ள எடுத்து வெச்சிருக்கேன்."

கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஓர் அக்கா காலையில் அழைத்தார். மிளா என்பது கடமான், தள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் தாய். கால்நடை மருத்துவராக இருக்கும் எனக்கு இது புதிதல்ல. சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டித்தான் எங்கள் தோட்டங்களும் வீடுகளும் இருக்கின்றன.

"பால் கொடுத்தீங்களாக்கா?" என்றுதான் முதலில் கேட்டேன். காய்ச்சி ஆற வைத்திருந்தார், நல்லவேளை கொடுக்கவில்லை. மான்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட மிக அதிகம். பசும்பால் குடித்த குட்டிக்குக் கழிச்சல் வரும். படுக்க வைத்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். அப்படி வந்த குட்டிகளை என்னால் காப்பாற்ற முடியாமல் போயிருக்கிறது.

அந்தக் குட்டி அநாதை இல்லை. பிறந்த புதிதில் மான்குட்டிக்குத் தாயோடு ஓடத் தெம்பு கிடையாது. தாய் அதைப் புதரில் படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். கூடவே நின்றால் தன் வாடையே செந்நாயையும் சிறுத்தையையும் கூட்டி வந்துவிடும். குட்டியின் உடம்பில் வாடை மிகக் குறைவு. ஆள் நெருங்கினாலும் அசையாது. வட அமெரிக்க வெள்ளைவால் மான்குட்டிகளிடம் அளந்தே பார்த்திருக்கிறார்கள், பயந்ததும் இதயத்துடிப்பு சட்டென்று குறைகிறது. நாம் அதைப் பார்த்து "சாதுவா கிடக்குது" என்று தூக்கிக்கொள்கிறோம்.

"எடுத்த இடத்திலேயே வைங்க. நாயைக் கட்டிப் போடுங்க. வீடியோ எடுக்க யாரும் போக வேண்டாம்" என்றேன்.

"மனுஷ வாடை பட்டாச்சே, தள்ளை சேர்க்குமா?"

பெரும்பாலும் சேர்க்கும். சுற்றி ஆள் நின்றால்தான் தாய் கிட்டே வராது.

காயம், புழு, நாய்க்கடி, விடாத கத்தல், பக்கத்தில் செத்துக் கிடக்கும் தாய், இவற்றில் ஒன்றைப் பார்த்தால் மட்டும் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்புறம், மனிதரைக் கண்டு பயப்படாமல் வளர்ந்த ஆண் மிளாவுக்குக் கொம்பு முளைத்தபின் அது வளர்த்தவரையே குத்தும்.

அன்று அந்தி மயங்கும் நேரம் அக்கா மறுபடி அழைத்தார், குரலைத் தாழ்த்தி. அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "வந்துட்டு சாரே. நக்கிக்கிட்டு நிக்குது."