குறிக்கணம்: அகரவரிசையை விட்டுவிடுங்கள்

"பெரிய அகரவரிசை கொண்ட தரவை மாதிரிப்படுத்தல்." திருத்துவதற்கு வந்த மொழிபெயர்ப்பின் தலைப்பு இது. ஆங்கிலத்தில் இருந்த ஆல்ஃபபெட் அகரவரிசை ஆகியிருக்கிறது. இப்படி எழுதும் மூன்றாவது மொழிபெயர்ப்பாளர் இவர். படிப்பவர் அகராதி தொகுக்கும் வேலை என்றுதான் நினைப்பார்.

ஆல்ஃபபெட் என்பது ஆல்ஃபா, பீட்டா என்ற கிரேக்க எழுத்துப் பெயர்களின் சேர்க்கை. அந்தப் பெயர்களுக்கு மூலமான செமித்தியச் சொற்களின் பொருள் மாடும் வீடும். சொல்வரலாறு இவ்வளவு போதும்.

தகவலை அளந்து கணக்கிடும் துறையான தகவல் கோட்பாட்டில் அதன் பொருள் வேறு: தரவில் வரக்கூடிய குறிகள் அனைத்தின் தொகுப்பு. அத்துறையைத் தொடங்கிவைத்த கிளாட் ஷானன் 1948ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆங்கிலத்துக்கு 27 குறிகள் கொண்ட ஆல்ஃபபெட்டை எடுத்துக்கொள்கிறார்: 26 எழுத்துகள், ஓர் இடைவெளி. இடைவெளிக்கு எந்த அகரவரிசையில் இடம் உண்டு? குறிகளை எப்படிக் கலைத்து அடுக்கினாலும் ஷானனின் என்ட்ரோபி, அதாவது அடுத்து எந்தக் குறி வரும் என்ற நிச்சயமின்மையின் அளவு, மாறுவதில்லை. நிகழ்தகவுகள் மட்டுமே கணக்கில் வரும். வரிசையே பொருட்டில்லாத ஒன்றுக்கு வரிசை என்று பெயரிடுவது பிழை, வெறும் நடைக் குறை அல்ல.

'எழுத்துத் தொகுதி' என்பாரும் உண்டு. 16 பிட் படப்புள்ளி 65,536 மதிப்புகளில் ஒன்றை ஏற்கும். அவற்றில் எது எழுத்து? தமிழ் உரையையே எடுங்கள். எழுத்தைக் குறியாகக் கொண்டால் 247. பைட்டைக் கொண்டால் 256. 'கொ' என்ற ஓரெழுத்து, கணினியில் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஆறு பைட்டுகளாகிவிடும். சொல்லைக் கொண்டால் லட்சங்கள். எதைக் குறியாகக் கொள்வது என்பதை மாதிரியை அமைப்பவர்தான் முடிவு செய்கிறார். 'குறியீட்டுத் தொகுதி' சற்று மேல், ஆனால் நம்மவர்கள் குறிகளைப் பிட்டுகளாக மாற்றி எழுதும் முறையான 'கோட்' என்பதையும் குறியீடு என்கிறார்கள், சிம்பலையும் குறியீடு என்கிறார்கள். இரண்டும் ஒரே பத்தியில் வரும் துறை இது. மாணவர் என்ன செய்வார்?

சிம்பல் குறி, கோட் குறிமுறை, ஆல்ஃபபெட் குறிக்கணம். 'செட்' என்ற பொருளில் வரும் கணம் வடசொல் என்று சிலர் முகம் சுளிக்கலாம். பள்ளிக் கணக்கில் எல்லோரும் படித்த சொல் அது. இலங்கையில் தொடை என்பார்கள். அங்கே குறித்தொடை என்றால் எனக்கு மகிழ்ச்சியே. தெளிவுக்குப் பின்தான் தூய்மை.

அப்படியானால் அந்தத் தலைப்பு 'பெருங்குறிக்கணத் தரவை மாதிரிப்படுத்தல்'. சிக்கலும் உடனே துலங்குகிறது. கணத்தில் 1,00,000 சொற்கள், கையில் 1,000 சொல் உரை. அந்த உரையில் காணாத சொல்லுக்குச் சுழி நிகழ்தகவு கொடுத்தால், அது பின்னர் வரும்போது குறிமுறை கைவிட்டுவிடும். பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸின் வழியில் ஒவ்வொரு சொல்லின் எண்ணிக்கையிலும் ஒன்று கூட்டினால், மொத்த நிகழ்தகவில் 98 விழுக்காட்டுக்கு மேல் காணாத சொற்களுக்கே போய்விடும். அதனால்தான் தரவின் அளவைக் குறைக்கும் சில சுருக்க முறைகள், இதுவரை வராத குறி வரப்போகிறது என்று அறிவிக்கத் தனிக் குறி ஒன்றை வைத்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் அது எஸ்கேப். அதே மொழிபெயர்ப்பில் அது 'தப்பியோடும் சின்னம்' ஆகியிருந்தது. யாரும் எங்கும் ஓடவில்லை. 'புதுவரவுக் குறி' என்று திருத்தி அனுப்பியிருக்கிறேன்.