வெயில் என்று காற்றைக் குறைக்காதீர்கள்

கோடை விடுமுறை தொடங்கினால் போதும். சென்னை மாதவரம் ரவுண்டானா தாண்டி, செங்குன்றம், காரனோடை வழியாக நெல்லூர், விஜயவாடா என்று கிளம்புகிறவர்கள் பஞ்சர் கடைக்கு வந்து சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, வெயில் ஜாஸ்தி, காத்து ரெண்டு மூணு பாயிண்ட் கம்மியா வைங்க." (பாயிண்ட் என்பது டயர் காற்றழுத்தத்தின் அளவு, பி.எஸ்.ஐ.) எத்தனை முறை சொன்னாலும் இந்தப் பழக்கம் போவதில்லை. வெயிலில் வெடிப்பது பெரும்பாலும் காற்று குறைந்த டயர்தான். தயவுசெய்து இதை மட்டுமாவது நம்புங்கள்.

தரையில் படும் இடத்தில் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. காற்று குறைந்தால் அதன் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கும். மடங்க மடங்கச் சூடு ஏறும். 100 கிலோமீட்டர் வேகம், உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான், அடியில் கொதிக்கிற தார் ரோடு எல்லாம் சேரும்போது ரப்பருக்கும் உள்ளே ஓடும் இழைக்கும் இருக்கும் பிடிப்பு விட்டுப்போகிறது, பக்கச்சுவர் கிழிகிறது. அப்படி வெடித்த டயரைக் கழற்றினால் உள்ளே ரப்பர் தூளாக உதிர்ந்து கிடக்கும். காற்றில்லாமல் ஓடியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சியே வேண்டாம்.

"சூட்டுல காத்து ஏறுமே?" ஏறும்தான். 10 டிகிரிக்குச் சுமார் ஒன்றரை பாயிண்ட். காலையில் 33 வைத்த டயர் மதியம் 37 காட்டலாம். அந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் கம்பெனி அளவு சொல்கிறது. வழியில் ஏதோ ஒரு பங்க்கில் 37 பார்த்துப் பயந்து 33-க்கு இறக்கினால், ராத்திரி ஆறியதும் அது 29 ஆகிவிடும். மறுநாள் அதே 29-ல் கிளம்புவீர்கள். சரியான அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். ஆள் குறைவு, முழு லோடு என்று இரண்டு எண் இருந்தால் வெளியூருக்கு முழு லோடு எண்ணை எடுங்கள். வண்டி மூன்று மணி நேரமாவது நின்று ஆறிய பிறகு பிடியுங்கள். டயர் மேலேயே பொறித்திருப்பது உச்சவரம்பு, அதை நிரப்பக்கூடாது.

நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று காற்றே பிடிக்காமல் போகிறவர்களும் உண்டு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். தாராளமாகக் கலந்து பிடிக்கலாம்.

அடுத்தது ஸ்டெப்னி. வருஷக்கணக்கில் யாரும் தொடுவதில்லை, தேவைப்படும் நேரத்தில் அதில் 12 பாயிண்ட் இருக்கும். மற்ற டயரைவிட 3 பாயிண்ட் கூட்டியே வைத்திருங்கள். சில வண்டிகளில் மெலிந்த ஸ்டெப்னி கொடுத்திருப்பார்கள். அதற்குப் பொதுவாக 60 பாயிண்ட் வேண்டும், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது, அடுத்த கடை வரைக்கும்தான். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2318 என்றால் 2018-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டிகள்) நன்றாக இருந்தாலும் அந்த வயசு டயரை நெடுஞ்சாலைக்கு நம்பாதீர்கள்.

மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டில் தினமும் போகிறவர்கள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே நான்கு டயரையும் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஆணி குத்தியபடியே மெல்லக் கசியும் டயர்கள் நிறைய. வால்வு வாயிலும் ஊற்ற வேண்டும்.

அதே நாளில், உங்கள் வண்டியோடு வந்த ஸ்பேனரை வைத்து வீல் நட்டைத் திறந்து பாருங்கள். பல கடைகளில் ஏர் கன்னால் முறுக்கி விடுகிறார்கள் (இது எங்கள் தொழிலின் குறைதான்). கடையில் திறக்கும், வழியில் தடா பக்கம் ரோட்டோரம் உங்கள் ஸ்பேனருக்குத் திறக்காது. அலாய் வீலில் லாக் நட் (தனிச் சாவி போட்டால்தான் திறக்கும் நட்) இருந்தால் அதன் சாவி வண்டியில் இருக்கிறதா பாருங்கள்.

வழியில் வெடித்தால் பிரேக்கை அமுக்காதீர்கள். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, இடப்பக்கம் ஒதுங்குங்கள். குழந்தைகளை முதலில் தடுப்புக்கு அந்தப்பக்கம் அனுப்புங்கள். 50 மீட்டர் பின்னால் முக்கோணம். ஹேண்ட்பிரேக், முதல் கியர், எதிர் மூலைச் சக்கரத்துக்குக் கல். நட்டைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி. அதை அடிச்சட்டத்தில் உள்ள பள்ளத்தில் மட்டும் வையுங்கள். தூக்கியதும் ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் தள்ளி வைத்தால் ஜாக்கி சரிந்தாலும் கை கால் தப்பும். மாட்டும்போது எதிரெதிர் நட்டாக முறுக்குங்கள், 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி முறுக்குங்கள்.

போனது லாரி உரசிப் போகும் வலப்பக்கச் சக்கரமா? அங்கே உட்காராதீர்கள். ரிம் போனாலும் பரவாயில்லை, ஊர்ந்து அகலமான இடத்துக்குப் போங்கள். முடியாவிட்டால் வண்டியை விட்டு விலகி நின்று 1033-க்கு அடியுங்கள், தேசிய நெடுஞ்சாலை உதவி எண் அது.